முரசு குளித்த நாள்

முன்னொரு காலத்திலே, அது எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவருக்கே தெரியாது, ஒரு சின்ன நாடு இருந்தது. அதன் பெயரையும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார். காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நாட்டின் மறுகோடியைப் பார்த்துவிடலாம். அவ்வளவுதான் நாடு. அதற்குத் தெற்கே ஒரு பேரரசு. வடக்கே ஓர் ஆறு. ஆற்றைத் தாண்டினால் மலைநாடு.

சின்ன நாட்டு ராஜாவின் பெயர் வில்லவராயன். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். பயப்படக் காரணமும் இருந்தது. எதிரி வந்தால் காப்பாற்றப் பேரரசின் படை வேண்டும். வயல் விளைய மலைநாட்டுத் தண்ணீர் வேண்டும். ஆற்றின் தலைமதகு மலையரசன் கையில் இருந்தது. "தெக்கே ஒரு கும்பிடு, வடக்கே ஒரு கும்பிடு. எனக்குக் கழுத்தே சுளுக்கிப்போச்சு, தத்தா" என்று அவர் தம் விகடனிடம் புலம்புவார். தத்தன் என்கிற அந்த விகடன், "கழுத்து இருக்கிற வரைக்கும் நல்லதுதான், மகாராஜா" என்பான். ராஜா உடனே கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

பேரரசோடு இருந்த நட்பு தாத்தா காலத்து நட்பு. அந்த நட்பில் சின்ன நாட்டுக்கென்று ஒரே ஒரு பெருமை உண்டு. பேரரசின் படை எந்தத் திசைக்குக் கிளம்பினாலும், சின்ன நாட்டின் வீரமுரசு முழங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும். இடியேறு என்று அந்த முரசுக்குப் பெயர். அதற்கு ஒரு முறை உண்டு. ஓடுகிற ஆற்றில் முங்க முங்கக் குளிப்பாட்டி, வெயிலில் உலர்த்தி, மாலை சூட்டி, குளித்த அன்றைக்கே கொட்ட வேண்டும். கொட்டிய அன்றைக்கே படை ஆற்றங்கரையை விட்டு நகர வேண்டும்.

முறை தவறினால் என்ன ஆகும் என்று பேரரசில் எல்லாருக்கும் தெரியும். இப்போதைய சக்கரவர்த்தியின் அப்பா ஒருமுறை அவசரப்பட்டு, முரசைக் கோயில் குளத்தில் முக்கி எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். முதல் நாள் பயணத்திலேயே பட்டத்து யானை நடுவழியில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த வேகத்தில் பெரியவர் பின்பக்கமாக உருண்டு விழுந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் நேராக உட்காரவில்லை. மகன் அதைப் பார்த்து வளர்ந்தவர். உலகத்தில் எதற்கும் அஞ்சாத அந்தச் சக்கரவர்த்தி, இந்த முரசின் முறைக்கு மட்டும் அஞ்சுவார்.

இப்படி இருக்கையில் ஒரு பங்குனி மாதம் சக்கரவர்த்திக்கு மலைநாட்டின் மேல் கோபம் வந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மலைநாட்டுத் தூதன் ஒருவன் பேரரசின் சபைக்குப் போயிருந்தான். அங்கே யார் போனாலும் முதலில் சக்கரவர்த்தியின் பட்டப்பெயர்கள் அத்தனையையும் வாசிப்பார்கள். கேட்கிறவர் நின்றுகொண்டே கேட்க வேண்டும். வாசிக்கத் தொடங்கினால் அடுப்பில் வைத்த கொள்ளு வெந்துவிடும். பாவம், மலையிலிருந்து நடந்தே வந்த தூதன். பாதி வாசிப்பில் அவனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அடக்கித்தான் பார்த்தான். அடக்க அடக்க வாய் பெரிதாகத் திறந்துகொண்டது.

"என் புகழைக் கேட்டுக் கொட்டாவி விட்ட நாட்டை இந்தக் கோடைக்குள் பிடிப்பேன்" என்றார் சக்கரவர்த்தி. சின்ன நாட்டுக்கு ஆள் வந்தது. முரசோடு தயாராக இருக்க வேண்டும், சக்கரவர்த்தியே படையோடு வருகிறார் என்று ஓலை.

ஓலையைப் படித்து முடித்ததும் சபையில் முதலில் எழுந்தவர் ராஜா அல்ல, அமைச்சர் அகளங்கராயர். சக்கரவர்த்திக்கு வயிறு நிறைந்தால் இங்கே ஏப்பம் விடுகிற மனிதர் அவர். "நாம் செய்த பாக்கியம். சக்கரவர்த்தியின் எதிரி நம் எதிரி. மலைநாட்டைப் பொடியாக்கும் முதல் ஓசை நம் முரசின் ஓசையாக இருக்கட்டும்" என்றார். சபையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். ராயருக்குப் பேரரசின் சபையில் ஓர் ஆசனம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது ஊருக்கே தெரியும்.

தலையாட்டி முடிக்கவில்லை, வாசலில் மலைநாட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். மூங்கிலில் தூக்கிக் கட்டி ஒரு பாறாங்கல்லைச் சுமந்து வந்திருந்தார்கள். சபை நடுவே அதைத் தொப்பென்று இறக்கி வைத்துவிட்டு ஒருவன் சொன்னான்: "எங்கள் அரசர் மாதிரிக்கு ஒரு கல் அனுப்பியிருக்கிறார். இதைப் போல எங்களிடம் நிறைய இருக்கின்றன. எங்களுக்கு எதிராக உங்கள் முரசு ஒருமுறை முழங்கினால் போதும், தலைமதகைக் கல்லால் தூர்த்துவிட்டு ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிடுவார். அப்புறம் நீங்கள் முரசில் நெல் விதைத்துக்கொள்ளலாம்."

அன்றைக்கு ராஜா சாப்பிடவில்லை. தத்தனை நந்தவனத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"தத்தா, முரசைக் கொட்டினா ஆறு போச்சு. கொட்டலன்னா நாடு போச்சு. ஆறு போனாலும் நாடு போனமாதிரிதான். நான் என்னய்யா பண்றது? அந்தக் கல்லைத் தூக்கி என் தலையில போட்டுக்கட்டுமா?"

"அதுக்கு ஆள் கூப்பிடணும், மகாராஜா. தனியாத் தூக்க முடியாது."

"விளையாடாதே. வயலைப் பாத்தியா? இந்த வருஷம் ஆத்தைத் தூர்வார ஜனங்க எப்படி வேலை செஞ்சாங்க? ஆடியில தண்ணி வரும்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" சொல்லும்போதே ராஜாவின் கண் கலங்கிவிட்டது.

தத்தன் அதன் பிறகு விளையாடவில்லை. "மகாராஜா, சக்கரவர்த்தி சொல்றதை அப்படியே செய்வோம். ஒரு எழுத்து குறையாம செய்வோம். மாட்டேன்னு சொல்ற வாய் நமக்கு இல்ல. சரின்னு சொல்ற வாய் இருக்கில்ல, அதைப் பெருசாத் திறப்போம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ராஜாவுக்கு அது புரியவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை.

சித்திரை வெயிலில் சக்கரவர்த்தி வந்து சேர்ந்தார். யானை, குதிரை, தேர், சமையல்காரர்கள், பட்டப்பெயர் வாசிப்பவர், எல்லாம் வந்தது. ஆறு வறண்டு கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் மலைநாட்டார் தலைமதகை மூடுவார்கள், சின்ன நாட்டார் தூர்வாருவார்கள், ஆடியில் மதகு திறக்கும். இது அந்த இரண்டு நாட்டுக்கும் வழக்கம். வேறு எவருக்கும் இது தெரியாது.

படையை எங்கே தங்க வைப்பது என்று பேச்சு வந்தது. "தோப்பு நிழல் இருக்கிறதே, அங்கே தங்கலாம்" என்று ராஜா சொன்னார். ராயர் முந்திக்கொண்டார். "சக்கரவர்த்திகளின் பாதம் கட்டாந்தரையில் படுவதா? ஆற்று மணல் பஞ்சு போல இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. காற்று வருகிறது. தோண்டினால் குளிர்ச்சி. ஆற்றின் நடுவிலேயே பாளையம் இறங்கட்டும். அக்கரை எட்டிவிடும் தூரம்."

தத்தன் எழுந்து, "ராயர் சொல்வது மிகவும் நியாயம்" என்றான். அவன் ராயரை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. ராஜா திரும்பிப் பார்த்தார். ராயருக்கே கொஞ்சம் கலக்கமாகப் போய்விட்டது. ஆனால் சொன்ன வாயை மூட முடியாதே. ஆற்று மணலில் கூடாரம் கூடாரமாக இறங்கியது. நட்டநடுவில் சக்கரவர்த்தியின் பட்டுக் கூடாரம். அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ராயர் தமக்கும் ஒன்று போட்டுக்கொண்டார்.

மறுநாள் சக்கரவர்த்தி முரசு எங்கே என்று கேட்டார். இடியேற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். "குளிப்பாட்டுங்கள்" என்றார். எல்லாரும் மணலைப் பார்த்தார்கள்.

"கோயில் குளத்தில் வேண்டுமானால்..." என்று சேனாபதி இழுத்தார். சக்கரவர்த்தியின் கை தானாகத் தம் இடுப்புக்குப் பின்னால் போனது. "ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும்" என்றார் அவர்.

இங்கேதான் ராயர் தம் குழியை வெட்டினார். "சக்கரவர்த்திகளே, கவலை வேண்டாம். எங்கள் விகடன் தத்தன், நினைத்த நேரத்தில் ஆற்றில் தண்ணீர் வரவழைப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனையே அனுப்பலாம். பொய் சொல்லியிருந்தால் தண்டிக்கலாம்" என்றார். தத்தன் அப்படி எங்கும் சொன்னதில்லை. மலையரசனிடம் போனால், உன்னைத் தாக்கத் தண்ணீர் கொடு என்று கேட்க வேண்டியிருக்கும். மலையரசன் தலையை வாங்குவான். போகாவிட்டால் சக்கரவர்த்தி வாங்குவார். ராயர் இரண்டு வாசலையும் அடைத்துவிட்டுத்தான் பேசினார்.

ராஜா வாய் திறப்பதற்குள் தத்தன் கும்பிட்டான். "கொண்டு வருகிறேன், சக்கரவர்த்திகளே. ஒரு விஷயம் மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டால் நல்லது. தண்ணீர் வந்த அன்றைக்கே முரசு குளிக்க வேண்டும். குளித்த அன்றைக்கே முழங்க வேண்டும். முழங்கிய அன்றைக்கே படை ஆற்றைக் கடக்க வேண்டும். இதுதானே ஆணை?"

"இதுதான் ஆணை. அன்றைக்குள் படை கடக்காவிட்டால் இந்தப் போரே இல்லை. முறையை மீறுகிறவன் அரசன் அல்ல, நானே ஆனாலும் சரி" என்றார் சக்கரவர்த்தி, இடுப்பிலிருந்து கையை எடுக்காமல்.

தத்தன் ஒரு மூட்டை முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். ராஜாவுக்கு அதற்குப் பிறகு நிலைகொள்ளவில்லை. தினமும் கரைக்கு வந்து மலையைப் பார்ப்பார். தத்தனுடைய தலை மட்டும் மூங்கிலில் கட்டி வருகிறதோ என்று பார்ப்பார். அந்தப் பயலைப் போகவிட்டது தம் கோழைத்தனம்தான் என்று மனம் குத்தியது. ஒரு சொல் தடுத்துச் சொல்லியிருக்கலாமே. சக்கரவர்த்தி எதிரில் அந்த ஒரு சொல் ஏன் தம் வாயில் வரமாட்டேன் என்கிறது? கீழே மணலில் ராயர் சக்கரவர்த்திக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் மலைப்பக்கம் கொம்பு ஊதும் ஓசை கேட்டது. மதகு திறக்கும்முன் ஆற்றில் ஆடுமாடு இறங்காமல் இருக்க மலைநாட்டார் ஊதுகிற கொம்பு அது. ராஜாவுக்கு அந்த ஓசை தெரியும். தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் கரையோரமாக ஒரு மலைக்குதிரையில் தத்தன் வந்தான். தலை உடம்போடுதான் இருந்தது.

"மேல ஏறுங்க, மேல ஏறுங்க, தண்ணி வருது" என்று அவன் கரையில் நின்று கத்தினான். சேனாபதி விவரமானவர். ஆட்களையும் விலங்குகளையும் கரையேற்றத் தொடங்கினார். "கோமாளி பேச்சைக் கேட்டுச் சக்கரவர்த்தியின் கூடாரத்தைப் பிரிப்பதா? சித்திரையில் எந்த ஊரில் தண்ணீர் வந்தது?" என்று ராயர் மட்டும் தம் கட்டிலை விட்டு எழவில்லை.

தண்ணீர் ஓடி வரவில்லை. முதலில் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, மணலை நக்கிக்கொண்டு மெதுவாக வந்தது. கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. சக்கரவர்த்தியைச் சேனாபதி தம் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினார். பின்னாலேயே சமையல் சட்டிகள் வரிசையாக மிதந்து போயின. ஒரு சட்டியில் பருப்பு அப்படியே இருந்தது. கடைசியாக ராயரின் கட்டில் வந்தது, மேலே ராயரோடு. பரிசல்காரர்கள் கழி போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள். அதற்குள் ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது.

"தண்ணீர் வந்துவிட்டது, சக்கரவர்த்திகளே. ஆணைப்படி முரசு குளிக்கலாமா?" என்றான் தத்தன், ஈரம் சொட்ட நின்ற சக்கரவர்த்தியைப் பார்த்து.

முரசு குளித்தது. வெயில் நன்றாகக் காய்ந்ததால் தோல் சீக்கிரமே விறைப்பேறியது. மாலை சூட்டினார்கள். முரசறைபவன் கோலை ஓங்கிக்கொண்டு ராஜாவைப் பார்த்தான். கொட்டச் சொல்ல வேண்டியது ராஜாதான். அதுதான் முறை.

ராஜாவின் கண்முன் அந்தப் பாறாங்கல் வந்து நின்றது. ஒரு கொட்டு, அவ்வளவுதான், இந்தத் தண்ணீர்தான் கடைசித் தண்ணீர். ஆடியில் வெறும் மணல். அவர் கை தூக்கியது தூக்கியபடி நின்றது. தத்தன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான்: "கொட்டச் சொல்லுங்க, மகாராஜா. மலையரசர் கேக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காரு. ரொம்ப நல்லாக் கேக்குமாம் மேல இருந்து."

ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தத்தன் முகத்தை மட்டும் பார்த்தார். கையை இறக்கினார். இடியேறு முழங்கியது. மலை அந்த ஓசையைத் திருப்பிச் சொன்னது. தோப்பில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

"புறப்படுங்கள்" என்று சக்கரவர்த்தி வாளை நீட்டினார். நீட்டிய வாளுக்கு எதிரே ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. படை கரையில் நின்றது. யாரும் அசையவில்லை.

"பரிசல் இருக்கிறதே" என்றார் ராயர், இன்னும் காயாத தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே.

"இருக்கிறது, ராயரே. தேரைப் பரிசலில் ஏற்றினால் தேரும் பரிசலும் சேர்ந்து கடலுக்குப் போகும். எதிரி கடலில் இல்லை" என்றான் தத்தன்.

"அப்படியானால் தண்ணீரை நிறுத்தச் சொல்" என்றார் சக்கரவர்த்தி.

"இப்போதே ஓடிப்போய் நிறுத்தச் சொல்கிறேன். ஆறு வற்ற நாளாகும். அதற்குள் முரசு குளித்த நாள் போய்விடும். திரும்பக் குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வந்தால் முரசு தயார், படை கடக்க முடியாது. தண்ணீர் வற்றினால் படை தயார், முரசு குளிக்க முடியாது. நான் என்ன செய்வேன், சக்கரவர்த்திகளே? ஆணையில் ஒன்றைக்கூட நான் விடவில்லை."

சக்கரவர்த்தியின் முகம் சிவந்தது. அவர் தத்தனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், வாளைப் பார்த்தார். ராஜா தம்மை அறியாமல் இரண்டு அடி நகர்ந்து தத்தனுக்கு முன்னால் போய் நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் நகரவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தத்தன் மெல்லப் பேசினான். "இன்னொன்றும் சொல்லலாமா? தங்கள் பெயரால் முரசு முழங்கப்போகிறது என்ற உடனே மலையரசர் ஓர் ஆற்றையே அனுப்பித் தங்கள் பாதத்தை நனைத்திருக்கிறார். பொன் அனுப்பியவர்கள் உண்டு, யானை அனுப்பியவர்கள் உண்டு. கோடைகாலத்தில் ஓர் ஆற்றைக் காணிக்கையாக வாங்கிய சக்கரவர்த்தி வேறு யார் இருக்கிறார்? பட்டப்பெயரில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்."

சக்கரவர்த்தி தம் காலைக் குனிந்து பார்த்தார். பாதம் நனைந்துதான் இருந்தது. பாதம் என்ன, இடுப்பு வரை ஈரம் இன்னும் காயவில்லை. தூரத்தில் அவருடைய பட்டுக் கூடாரம் கவிழ்ந்த காளானாக வளைவில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் கரையில் உட்கார்ந்துகொண்டு, தம் அப்பா விழுந்ததையும் சேர்த்து நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சக்கரவர்த்தி சிரித்தால் படை சிரிக்க வேண்டாமா? கரை முழுக்கச் சிரிப்பு.

"மலையரசன் எப்படி ஒப்புக்கொண்டான்?" என்று சிரிப்புக்கு நடுவே கேட்டார்.

"முதலில் தலையை வாங்கத்தான் பார்த்தார். உங்கள் பகைவர் எங்கே படுத்திருக்கிறார் என்று மேலே இருந்து பாருங்கள் என்றேன். எட்டிப் பார்த்தார். முரசின் முறையையும் சொன்னேன். முறுக்கு ஒன்று கேட்டு வாங்கித் தின்றார். மதகைத் திறக்கச் சொல்லிவிட்டார். தங்கள் படை ஊருக்குத் திரும்பும் வரை மூடமாட்டாராம்."

சக்கரவர்த்தி தம் முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். "தங்கள் சபையில் பட்டப்பெயர் வாசிக்கும்போது தூதர்கள் உட்கார ஒரு பலகை வேண்டும்" என்றான் தத்தன். "இப்போது ஓர் ஆறு வேறு சேர்ந்திருக்கிறது. நின்றுகொண்டு கேட்க முடியாது."

பலகைக்கு உத்தரவாயிற்று. அகளங்கராயருக்கும் ஆசை நிறைவேறியது. அவ்வளவு விசுவாசமான மனிதர் என் சபையில்தான் இருக்க வேண்டும் என்று சக்கரவர்த்தி கேட்டார். ராஜா மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். நட்பு நாடு கேட்டால் கொடுக்காமல் இருக்கலாமா? அங்கே அவருக்குப் பட்டப்பெயர் வாசிக்கும் வேலை. தினமும் வாசிக்க வேண்டும், நின்றுகொண்டே.

படை திரும்பியது. வழியனுப்ப வந்த ராஜாவைச் சக்கரவர்த்தி யானையருகே தனியாக அழைத்தார். தோளில் கை போட்டுக்கொண்டார். "தம்பி, நாம் தாத்தா காலத்து நண்பர்கள். இந்தப் போர் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராக என்னிடம் சொல்லியிருக்கலாமே. எதற்கு ஓர் ஆற்றைக் கொண்டுவந்து என்மேல் விட்டாய்?"

ராஜா கொஞ்சம் யோசித்தார். இன்றைக்கு அவருக்குப் பயம் வரவில்லை. "சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா, அண்ணா?" என்றார்.

சக்கரவர்த்தியும் யோசித்துப் பார்த்தார். அவர் பொய் சொல்லும் மனிதர் இல்லை. "மாட்டேன்" என்றார்.

"அதனால்தான் அண்ணா, நான் தத்தனுக்குச் சோறு போடுகிறேன்" என்றார் ராஜா.

சக்கரவர்த்தி யானையில் ஏறி உட்கார்ந்த பிறகும் சிரித்துக்கொண்டே போனாராம். யானை வழியில் எங்கும் உட்காரவில்லை. அந்த வருஷம் சின்ன நாட்டில் ஆடிக்கு முன்பே குளமெல்லாம் நிறைந்திருந்தது. முரசை எடுத்துப் பழையபடி உறையில் போட்டார்கள். மலைநாட்டுக்காரர்கள் கொண்டுவந்து போட்ட கல் இருக்கிறதே, சபையிலிருந்து உருட்டி வெளியே தள்ளியதோடு சரி, அதைத் திருப்பித் தூக்கிப் போக ஆளில்லாமல் அரண்மனை வாசலிலேயே கிடந்தது. தத்தன் அதில்தான் உட்கார்ந்து முறுக்குத் தின்பான்.